சைக்கிளில் வேலைக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடமாக சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். லிஃப்டில் பார்ப்பவர்கள், சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்காருபவர்கள், பழைய நண்பர்கள் என்று கேட்கும் ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. தனித்தனியாகப் பலருக்கும் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலில் வருபவை இப்போதுதான் யோசிப்பவர்களுக்கு. கீழே போகப் போக, ஓட்டத் தொடங்கியபின் வரும் சந்தேகங்கள்.

ஆபீஸ் எங்க வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர். தினமும் முடியுமா, இல்லை இது வெறும் ஆசையா?

முடியும். சமதளத்தில் நிதானமாக மிதித்தாலே மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அந்தக் கணக்கில் பத்து கிலோமீட்டருக்கு 40 நிமிடம். சிக்னலில் நிற்பதையும் சேர்த்து 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பார்க்கிங் தேடுவது எல்லாம் அதில் சேரும். பலருக்கு வித்தியாசம் பத்து நிமிடத்தைத் தாண்டாது.

ஏழெட்டு கிலோமீட்டர் வரை பெரிய யோசனை வேண்டாம். பன்னிரண்டுக்கு மேல் போனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஓட்டுவது, பாதி தூரம் ரயிலில் போவது, எலக்ட்ரிக் சைக்கிள் என்று வேறு வழிகளையும் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஒரு வழிக்கு 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றால் சரியாக 300 நிமிடம். அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

ஸ்கூல் படிக்கும்போது ஓட்டியது. இருபது வருஷமா தொடவே இல்லை. எங்கே ஆரம்பிக்கிறது?

ஒரு விடுமுறை நாள் காலையில் ஆரம்பியுங்கள். சாலை காலியாக இருக்கும்போது ஆபீஸ் வரை போய், வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். அவசரம் இல்லாத அந்த ஒரு நாளில் எந்தத் திருப்பம் கஷ்டம், எங்கே குழி, எங்கே மேடு என்பதெல்லாம் கண்ணில் படும். அடுத்த வாரம் ஒரே ஒரு வேலை நாள். அதற்கடுத்த வாரம் இரண்டு நாள். இந்த வேகம் போதும்.

அதற்கு முன், காலி மைதானத்தில் இரண்டு விஷயம் பழக வேண்டும். ஒரு கையை எடுத்துச் சைகை காட்டியபடி நேராக ஓட்டுவது ஒன்று. ஹேண்டில் அசையாமல் தோளுக்கு மேலே திரும்பிப் பின்னால் பார்ப்பது இன்னொன்று. முதல் நாளில் தலை திரும்பும் பக்கமே சைக்கிளும் இழுத்துக்கொண்டு போகும். அரை மணி நேரம் பழகினால் சரியாகிவிடும். இந்த இரண்டும் கைவராமல் நெரிசலில் இறங்காதீர்கள்.

எந்த சைக்கிள் வாங்கணும்? கியர் வேணுமா?

ஊர் சமதளம் என்றால் கியர் இல்லாமலே ஓட்டலாம். மேம்பாலமும் ஏற்றமும் வழியில் இருந்தால் ஏழெட்டு கியர் போதும். 21 கியர் என்று எழுதியிருந்தாலும் அதில் பாதி ஒன்றையொன்று ஒத்த விகிதங்கள்தான். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் செய்த ‘ரோவர்’ சைக்கிளுக்கு ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்தை இழுக்கும் செயின். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் அமைப்பு பெரும்பாலும் அதுதான். அதனால் புதிது புதிதாக வரும் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

நான் பார்க்கச் சொல்வது மூன்றே விஷயம். ஃபிரேம் உங்கள் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். மட்கார்டும் கேரியரும் மாட்ட இடம் இருக்க வேண்டும். டயர் 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும். மெல்லிய பந்தய டயர் குழியில் விழுந்தால் கை வரை அதிரும். தடித்த மலைப்பாதை டயர் தார்ச்சாலையில் இழுக்கும். முன்பக்க ஷாக் அப்சார்பர் எடையைத்தான் கூட்டும். நகரச் சாலைக்குக் கொஞ்சம் அகலமான டயரே அந்த வேலையைச் செய்துவிடும். வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று கிடக்கிறது என்றால், டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள் இவற்றை மாற்றி அதிலேயே தொடங்குங்கள். மூன்று மாதம் ஓட்டியபின் உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

சீட் எவ்வளவு உயரம்? உட்கார்ந்தபடி ரெண்டு காலும் தரையில் படணும்தானே?

படக் கூடாது. புதிதாக ஓட்டுபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இது. சீட் தாழ்ந்திருந்தால் முட்டி மடங்கியபடியே மிதிக்க வேண்டியிருக்கும், சீக்கிரம் களைப்பு வரும், முட்டியும் வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி லேசாக மடங்கி நிற்கும். அதுதான் சரியான உயரம்.

நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஏற்றுங்கள்.

வேர்த்து வழிஞ்சுகிட்டு மீட்டிங்கில் எப்படி உட்கார்றது?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். என் பதில் ஒன்றே: மெதுவாகப் போங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் முப்படியாகக் கூடும். மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 20-க்கு ஏற்றினால், காற்றைக் கிழிக்க மட்டும் இரண்டு மடங்குக்கும் மேலான சக்தி வேண்டும். அந்தச் சக்தியோடு உண்டாகும் வெப்பம்தான் வியர்வையாக வருகிறது. இவ்வளவுக்கும் பத்து கிலோமீட்டரில் மிச்சமாவது பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிடுங்கள். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே ஆபீஸ் வேகம்.

கடைசி ஒரு கிலோமீட்டரை இன்னும் மெதுவாக ஓட்டுங்கள். வியர்வை பெரும்பாலும் சைக்கிளை நிறுத்தியபின் தான் கொட்டும், ஏனென்றால் ஓடும்போது இருந்த காற்று நின்றுவிடுகிறது. போய்ச் சேர்ந்ததும் உடனே சட்டை மாற்றாதீர்கள். பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து உடம்பு ஆறட்டும். அப்புறம் ஈரத் துண்டால் கழுத்து, அக்குள், முதுகு துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, சட்டை மாற்றுங்கள். குளிக்க வசதி இல்லாத ஆபீஸில் நான் இப்படித்தான் வருடக்கணக்கில் சமாளித்திருக்கிறேன். வீட்டிலிருந்து குளித்துவிட்டுக் கிளம்பினால் புது வியர்வை அவ்வளவாக நாறாது. ஊறிப்போன பழைய வியர்வையில் பாக்டீரியா பெருகும்போதுதான் நாற்றம் வரும்.

லேப்டாப், சாப்பாடு, மாத்துத்துணி. எல்லாத்தையும் முதுகில் மாட்டிக்கலாமா?

மாட்டலாம், முதுகு நனையும். முன் பதிலில் சொன்ன அத்தனையையும் செய்துவிட்டு முதுகுப்பையை மாட்டினால் பாதிப் பலன் போய்விடும். கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பை வாங்குங்கள். எடை கீழே இறங்குவதால் சைக்கிளும் ஆடாது. லேப்டாப்பைச் சுற்றித் துணியை வைத்தால் அதிர்ச்சி தாங்கும். திங்கட்கிழமை ஒரே தடவையாக நாலைந்து சட்டைகளை ஆபீஸில் கொண்டுபோய் வைத்துவிடுபவர்களும் உண்டு. அதுவும் நல்ல யோசனை. காலணியை நான் ஆபீஸிலேயே விட்டுவிடுகிறேன்.

மேப் காட்டுற வழியிலேயே போகலாமா?

பெரும்பாலும் வேண்டாம். காருக்கு நல்ல வழி சைக்கிளுக்கும் நல்ல வழியாக இருக்காது. பிரதான சாலைக்கு இணையாக ஓடும் உள்தெருக்கள், பூங்காவைச் சுற்றிய பாதை, பள்ளிக்கூடத்தின் பின்தெரு என்று தேடிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. என் இப்போதைய வழி முதலில் போன வழியைவிட 1.4 கிலோமீட்டர் அதிகம். ஆனால் இரண்டு பெரிய சந்திப்புகள் குறைந்தன. வீட்டுக்குத் திரும்பும்போது நிழல் விழும் பக்கமும் மாறிவிடும், அதனால் மாலைக்கு வேறு வழி வைத்திருக்கிறேன்.

ரோட்டோரமா ஒட்டியே போனால்தானே சேஃப்டி?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாலையின் விளிம்பில் மணல், கண்ணாடித் துண்டு, வடிகால் கம்பி எல்லாம் சேர்ந்திருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு. கார்க் கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். எனக்கு மூன்றாவது வருடத்தில் நடந்தது இது. வரிசையாக நின்ற கார்களை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு காரின் பக்கக் கண்ணாடியில் தோள் ஒன்று அசைவது தெரிந்தது. பிரேக்கைப் பிடிப்பதற்குள் கதவின் ஓரம் ஹேண்டில் நுனியில் பட்டது. சைக்கிள் அப்படியே திரும்பி என்னைச் சாலையின் நடுப்பக்கம் தள்ளியது. பின்னால் அந்த நேரத்தில் வண்டி எதுவும் வராததால் முழங்கை சிராய்ப்போடு தப்பினேன்.

அன்றிலிருந்து நிற்கும் கார்களுக்கும் எனக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விடுகிறேன். கார் எதுவும் நிற்காத இடத்திலும் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளியே ஓட்டுகிறேன். குழி வந்தால் ஒதுங்க இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும். கார்களுக்கு நடுவே காலி இடம் வரும்போதெல்லாம் உள்ளே நுழைந்து நுழைந்து வெளியே வராதீர்கள். பின்னால் வருபவருக்கு நீங்கள் மறைந்து மறைந்து தோன்றுவீர்கள். ஒரே நேர்கோட்டில் போகிறவரைச் சுற்றிப் போவது யாருக்கும் எளிது.

குறுகலான இடத்தில், ஒரு வண்டி உங்களை முந்தினால் இருவருக்கும் இடம் போதாது என்று தெரிந்தால், அந்தச் சில மீட்டருக்குத் தடத்தின் நடுவிலேயே போங்கள். முதலில் திரும்பிப் பாருங்கள், கையைக் காட்டுங்கள், அப்புறம் நகருங்கள். இடம் அகன்றதும் ஓரம் வந்துவிடுங்கள். ஹாரன் அடிப்பார்கள். ஹாரன் அடிப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

லாரியோ பஸ்ஸோ பக்கத்தில் வந்தால் கைகால் நடுங்குது. என்ன செய்ய?

அந்தப் பயம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். நீள வாகனம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. மூலையை இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில் நிற்பவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாமலே போகலாம். நகரங்களில் சைக்கிள் ஓட்டுபவர்கள் உயிரிழக்கும் மோசமான விபத்துகளில் பல இப்படி நடப்பவைதான். சிக்னலில் லாரி நின்றால் பக்கத்தில் இடுக்கு இருக்கிறதே என்று நுழையாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். ஓட்டுநரின் முகம் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது.

ஓடும்போது பஸ் முந்தினால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், மிதிப்பதை நிறுத்தாமல், நேராகப் போங்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸைத் தாண்டும் அவசரமும் வேண்டாம். அரை நிமிடம் நின்றால் அது போய்விடும்.

ஹெல்மெட் கட்டாயமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-லேயே கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் தினமும் லட்சக்கணக்கானோர் ஹெல்மெட் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது. கார்களோடு கலந்து ஓட்டுபவர் போட்டுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. நான் போடாமல் கிளம்புவதில்லை.

புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நேராக உட்கார வேண்டும். வாரை மாட்டியபின் தாடைக்குக் கீழே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். உள்ளே இருப்பது தெர்மோகோல் போன்ற நுரை. அது ஒரு முறை நசுங்கித்தான் தலையைக் காக்கும். பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பாட்டுக் கேட்டுக்கிட்டே ஓட்டலாமா?

வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் வேகம், தூரம், அளவு எல்லாம் முதலில் காதுக்குத்தான் தெரியும்.

ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது எல்லாருக்கும் தெரியறமாதிரி எப்படிப் போறது?

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. மேகமூட்டமான பகலிலும் எரியட்டும். முன்விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், எதிரே வருபவரின் கண் கூசினால் அவருக்கு உங்கள் தூரம் பிடிபடாது. தெருவிளக்கு இல்லாத இடத்தில் சாலையைக் காட்டும் விளக்கு வேண்டும். சும்மா மினுக்கும் விளக்கு அதற்குப் போதாது.

அப்புறம், ஒளி பிரதிபலிக்கும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள். சட்டையில் ஒட்டியிருக்கும் பட்டை ஒரு புள்ளியாகத்தான் தெரியும். மேலும் கீழும் சுழலும் இரண்டு கால்களைப் பார்த்ததும் முன்னால் போவது மனிதர் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். பேண்ட் நுனி செயினில் சிக்காமலும் அதே பட்டை பிடித்துக்கொள்ளும்.

மழை வந்தால்?

மட்கார்டு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மேலிருந்து விழும் தண்ணீரைவிடச் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர்தான் உடையைக் கெடுக்கும். முழு மழைக்கோட்டுக்குள் வியர்த்து நனைவதைவிட, அக்குளில் காற்று போகும் கோட்டு தேவலாம். மாற்றுடையை எப்போதும் பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள்.

பிரேக்கில் கவனமாக இருங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் கட்டை முதலில் ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைக்கவே சில சுற்றுகள் எடுக்கும். அதற்குப் பின்தான் பிடிக்கும். அதனால் முன்கூட்டியே லேசாகப் பிடித்துக்கொண்டு போங்கள். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெய் மிதக்கும். அன்றைக்குத்தான் வழுக்கல் அதிகம். சாக்கடை மூடி, சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, இரும்புத் தண்டவாளம் இவற்றின்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. தண்டவாளத்தை எப்போதும் குறுக்காக, கூடியவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். தண்ணீர் தேங்கி அடி தெரியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

காத்து எவ்வளவு அடிக்கணும்? அடிக்கடி பஞ்சர் ஆகுதே!

டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும். 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 45 முதல் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை, உங்கள் எடையைப் பொறுத்து. ரப்பர் வழியாகவே காற்று மெல்லக் கசியும் என்பதால் பஞ்சர் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை அடிக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அளவு காட்டும் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குச் செய்து பார்த்துவிட்டு 1888-இல் காப்புரிமை வாங்கிய காற்று டயர்தான் சைக்கிளை நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டத்தக்கதாக ஆக்கியது. அந்தக் காற்றைச் சரியாக வைத்திருந்தாலே பாதி பஞ்சர் வராது.

பஞ்சர் ஆனால் டியூபைக் கழற்றி ஓட்டையைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால், காற்றுக் குறைவாக இருந்து குழியில் விழும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ஒரே ஓட்டை வெளிப்பக்கத்தில் என்றால் முள்ளோ கம்பியோ. உள்பக்கத்தில், ரிம்மைப் பார்த்தபடி இருந்தால் ஸ்போக் நுனியோ, நகர்ந்துபோன ரிம் நாடாவோ. ஒட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் மெல்லத் துடையுங்கள். ஒளிந்திருக்கும் கம்பித் துணுக்கு துணியில் மாட்டும். அதை எடுக்காமல் டியூபை ஒட்டி மாட்டினால் அடுத்த தெருவில் மறுபடி காற்று இறங்கும்.

ஒட்டும்போது எல்லாரும் அவசரப்படுவது ஒரே இடத்தில். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவியதும் உடனே பேட்ச் வைத்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். பளபளப்பு போய், தொட்டால் லேசாக ஒட்டுகிற பதம் வந்தபின் வைத்து அழுத்துங்கள். காலை நேரத்தில் இதையெல்லாம் வழியில் செய்ய வேண்டாம். பையில் ஒரு மாற்று டியூப், டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்க இரண்டு டயர் லீவர், சின்ன பம்ப், சக்கரத்துக்கு நட்டு இருந்தால் அதற்கு ஒரு ஸ்பேனர் வைத்திருங்கள். டியூபை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டு, ஓட்டையானதை இரவு வீட்டில் ஒட்டலாம்.

செயினுக்கு எண்ணெய் நிறைய விட்டால் நல்லதுதானே?

நிறைய விட்டால் தூசி பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். முதலில் பழந்துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கம் சுற்றி அழுக்கை எடுங்கள். ஒவ்வொரு உருளைமேலும் ஒரு சொட்டு. பத்துச் சுற்று சுற்றிவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளேதான் வேலை செய்கிறது. மழையில் ஓட்டினால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விடுங்கள்.

செயின் தேய்ந்துவிட்டதா என்பதை ஒரு ஸ்கேலால் பார்க்கலாம். ஒரு ஆணியின் மையத்திலிருந்து அடுத்த 24-ஆவது ஆணியின் மையம் வரை, புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்துபோகும், செலவு கூடும்.

நல்ல பூட்டுப் போட்டும் திருடிட்டாங்க. எப்படித்தான் பூட்டுறது?

மெல்லிய கேபிள் பூட்டைக் கைக்கு அடக்கமான கட்டரே நொடியில் வெட்டும். தடித்த டி வடிவப் பூட்டு வாங்குங்கள். அதிலும் சின்னதாக வாங்குங்கள். உள்ளே காலி இடம் அதிகம் இருந்தால் கம்பியை விட்டு நெம்பலாம். ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, தரையில் புதைத்த கம்பியோடு பூட்ட வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது முன்சக்கரம் மட்டும் இருக்கும். கம்பியின் மேல்முனை திறந்திருந்தால் சைக்கிளை அப்படியே மேலே தூக்கிக் கழற்றிவிடலாம், அதையும் பாருங்கள்.

பெடல் அச்சு இருக்கும் இடத்தின் அடியில் பெரும்பாலும் ஃபிரேம் எண் அடித்திருக்கும். இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். காணாமல் போனபின் புகார் கொடுக்க அது வேண்டும்.

சீட் உயரம் எல்லாம் சரி பண்ணிட்டேன். ஆனாலும் முட்டி வலிக்குது, விரல் மரத்துப்போகுது.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் இன்னும் தாழ்வாக இருக்கலாம், அல்லது கனமான கியரில் அழுத்தி மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரம். ஐந்து மில்லிமீட்டர் மட்டும் மாற்றிவிட்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு 60, 70 சுற்று சுலபமாகச் சுழலும் கியரில் இருங்கள்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால், உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சரிந்து எடை முழுதும் கையில் இறங்கும். சீட்டை மட்டமாக வையுங்கள், ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், முழங்கையை மடக்கி வையுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

இவ்வளவு புகையில் மூச்சு வாங்கிக்கிட்டு ஓட்டினால் உடம்புக்கு நல்லதா, கெட்டதா?

சரியான கேள்வி. மிதிக்கும்போது உட்கார்ந்திருப்பவரைவிட இரண்டு மூன்று மடங்கு காற்றை இழுக்கிறோம் என்பது உண்மை. 2016-இல் வெளியான ஒரு கணக்கீட்டு ஆய்வு உடற்பயிற்சியின் நன்மையையும் நுண்துகளின் தீமையையும் தராசில் வைத்துப் பார்த்தது. காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற மோசமான நிலையில்கூட, நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால்தான் தீமை மிஞ்சும் என்று அதில் தெரிந்தது. பெரும்பாலான நகரங்களின் காற்று அதைவிடச் சுத்தம்.

ஆஸ்துமாவோ இதய நோயோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மற்றவர்கள், வழி பற்றிய பதிலில் சொன்ன உள்தெருக்களைப் பிடியுங்கள். புகைக்குழாய்களிலிருந்து ஒரு தெரு தள்ளிப்போனாலே காற்று நன்றாக மாறும். சிக்னலில் டீசல் வண்டிக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். துணி முகமூடி நுண்துகளைத் தடுக்காது. காற்று மிக மோசமான நாளில் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினால் அது ஏமாத்து வேலை இல்லையா?

யாரை ஏமாற்றுகிறீர்கள்? வேலைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். தூரம் அதிகம், வழியில் ஏற்றம், முட்டியில் பழைய காயம், வியர்க்கவே கூடாத வேலை என்றிருப்பவர்களுக்கு நானே பரிந்துரைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், மிதித்தால் மட்டுமே உதவ வேண்டும், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட வேண்டும். அப்படிப்பட்ட சைக்கிளில் கால் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

பேட்டரி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். கூடவே வந்த சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். கீழே விழுந்து வீங்கிய பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. வீட்டை விட்டு வெளியேறும் வழியில் வைத்தோ, தூங்கும் நேரத்திலோ சார்ஜ் போடவே கூடாது.

ரெண்டு மாசம் நல்லா ஓட்டினேன். ஒரு வாரம் உடம்பு சரியில்லை, அப்படியே மூணு வாரமா நின்னுபோச்சு. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. கால் இன்னும் மறக்கவில்லை, முதல் இரண்டு நாள் மட்டும் பழைய வேகத்தைத் தேடாமல் போங்கள். தினமும் ஓட்டியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டதால்தான் ஒரு நாள் விட்டதும் எல்லாமே விட்டதுபோல் ஆகிறது. மழை பலமாக இருந்தால், மாலையில் வேறு எங்காவது போக வேண்டியிருந்தால், தூக்கம் போதாவிட்டால் நான் பஸ்ஸில்தான் போகிறேன். வாரம் மூன்று நாள் என்பது எனக்குப் பல மாதங்களில் வழக்கமான கணக்கு.

மூன்று வாரம் நின்ற டயரில் காற்று இறங்கியிருக்கும். காலையில் அதைப் பார்த்தால் மறுபடி தள்ளிப்போடத் தோன்றும். அதனால் இன்று இரவே காற்றடித்து, செயினைத் துடைத்து, பையில் சட்டையை மடித்து வைத்து, சைக்கிளை வாசல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுத் தூங்குங்கள்.